ஜனாதிபதி கேட்காத வார்த்தை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் சுவரில், பெரிய கிளாக்கரின் மேசைக்கு மேலே, ஓரிடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. சுற்றிலும் ஈரமும் தூசியும் ஏறிச் சுவர் மங்கிவிட்டது. படம் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்தபடியே இருக்கிறது. ஜனாதிபதிகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கேதான் தொங்கின. இப்போது ஜனாதிபதி படம் மாட்டும் வழக்கம் இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அந்த ஆபீஸில் எடுபிடி வேலைக்கு வந்தவன் நான். இன்றைக்கும் காலையில் கதவைத் திறந்தால் கண் முதலில் அங்கேதான் போகிறது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் போகிறது.

அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. ஆபீஸ் கூட்டுவது அவர் வேலை. அவருடைய ஒரே மகன், என் மச்சான், கோயில் திருவிழாவில் குடித்துவிட்டுச் சண்டை போட்டு, மேல் லயத்து வரிசை வீட்டுப் பையன் ஒருவனைக் கத்தியால் குத்திவிட்டான். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியிலேயே அந்தப் பையனின் உயிர் போய்விட்டது. மச்சானுக்கு மரண தண்டனை தீர்ப்பானது. ஜனாதிபதி கையெழுத்து வைத்தால்தான் தூக்கு, அவர் நினைத்தால் தண்டனையைக் குறைக்கலாம், மன்னித்து வீட்டுக்கும் அனுப்பலாம் என்று வக்கீல் சொன்னார். அத்தைக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு அதுதான் பயம். ஒரு மனிதர், ஒரு பேனா. அன்றைக்கு அவருக்குத் தலைவலியாக இருந்தால்? பக்கத்தில் நிற்பவன் ஏதாவது சொல்லிக் கொடுத்தால்? இப்படியே யோசித்து யோசித்து நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அத்தையோ கண்ணாடியைத் துடைத்து, "எம்புள்ளயப் பாத்துக்கங்க சாமி" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் தோட்டத்தில் மன்னிப்புக்கு ஒரு முறை உண்டு. அடிதடி செய்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவனைத் தோட்டத்து மேனேஜரான துரை திரும்பச் சேர்ப்பதென்றால், அடிபட்டவனையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிடுவார். எல்லோர் முன்னிலும், "ஒனக்குச் சரியா?" என்று கேட்பார். அவன் "சரிங்க தொரை" என்ற பிறகுதான் மற்றவன் மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்கலாம். தோட்டத்துத் துரையே கேட்கிறார், நாட்டுக்கே துரையானவர் கேட்காமல் இருப்பாரா என்று அத்தை நம்பினார். செத்தவனின் தாயைக் கொழும்புக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவர் சரி என்றால் தன் மகன் வந்துவிடுவான் என்பது அவர் கணக்கு. அதனால் செத்தவனின் தாயான அந்த மேல் லயத்துப் பெரியம்மாவுக்கு முன்னால் அத்தை ஆளே மாறிப்போனார். பீலியில் தண்ணீர் பிடிக்க வழிவிடுவார். கொழுந்து மூட்டையைத் தூக்கிவிடுவார். மழை வந்தால் அவர் வீட்டு விறகை ஓடிப்போய் உள்ளே எடுத்து வைப்பார்.

பெரியம்மா பேசமாட்டார், தடுக்கவும் மாட்டார். ஒருமுறை மட்டும் கேட்டார்: "வெறகு சொமந்தா எம்மவன் எந்திரிச்சு வந்துருவானா?"

அத்தை விறகைக் கீழே போடவில்லை. "வரமாட்டான் அக்கா. நனையுதேன்னு எடுத்தேன்."

ஜனாதிபதி தன்னைக் கேட்பார் என்று அந்தப் பெரியம்மாவும் நம்பினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கொழும்புக்குப் போவதற்கென்று ஒரு நீலச் சேலையைக் கட்டாமல் மடித்து வைத்திருந்தார். ஜனாதிபதி காரா அனுப்புவார், இல்லை குருவிட்ட டவுனில் பஸ் ஏறப் போகிறீர்களா என்று கொழுந்து மலையில் பெண்கள் கிண்டல் செய்வார்களாம். "நடந்தேகூடப் போவேன். மொதல்ல கேக்கட்டும்" என்பாராம் அவர்.

நடுவில் ஒரு ஜனாதிபதி போய் அடுத்தவர் வராமல் இருந்த சில நாட்கள். கிளாக்கர் படத்தைக் கழற்றிவிட்டார். அத்தை வந்து வெறும் சுவரைத் துடைத்தார். துடைத்துவிட்டு, "இப்ப எம்புள்ள உசுரு யாருகிட்டங்க இருக்கு?" என்று கேட்டார். நாற்காலியிடம் இருக்கிறது என்று கிளாக்கர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க அந்த வெறும் நாற்காலி என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் கழித்து மச்சானுடைய மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. செய்தியைக் கேட்டு அத்தை விளக்குமாறோடு படியில் உட்கார்ந்தார். மகன் எப்போது வருவான் என்று கேட்பார், வரமாட்டான் என்பதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு. "அக்காவக் கேட்டாங்களா?"

கேட்கவில்லை. விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை வாங்க வேண்டும், சட்டமா அதிபரின் கருத்து வேண்டும், அமைச்சரின் சிபாரிசு வேண்டும், அதற்கு மேல் ஜனாதிபதியின் முடிவு என்று கிளாக்கர் விளக்கினார். அவர் சொன்ன ஆட்களில் செத்தவனின் தாய் இல்லை.

அத்தை தானே மேல் லயத்துக்கு ஏறினார். என்ன ஆகுமோ என்று பின்னாலேயே நானும் போனேன். பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அத்தை செய்தியைச் சொன்னார். சுளகு நின்றது. "யாரு சரின்னு சொன்னாங்களாம்?"

"யாரையும் கேக்கலக்கா."

பெரியம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம்விட்டார். அத்தை உட்கார்ந்தார். இரண்டு பேருமாகச் சுளகு அரிசியில் கல் பொறுக்கினார்கள்.

அத்தை இறந்தபோதும் மச்சான் சிறையில்தான் இருந்தான். பெரியம்மா அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நிறம் வெளுத்திருந்தது.

போன மாதம் ஏதோ வேலையாக ஆபீஸுக்கு வந்த பெரியம்மா அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்றார். துரை கூப்பிடுவதற்காக நிற்பார்களே, அப்படி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. எத்தனையோ காலமாக என்னை அரித்த கேள்வியை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "கேட்டிருந்தா என்ன பெரியம்மா சொல்லியிருப்பீங்க?"

அவர் திரும்பவில்லை.

"கேட்டிருந்தாத்தானே தம்பி எனக்கே தெரியும்."

அவர் போன பிறகு துணியை எடுத்துக்கொண்டு அந்த வெளுத்த இடத்துக்குப் போனேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆணியை மட்டும் துடைத்தேன்.