வேக்காட்டுச் சீட்டு

செங்கல்பட்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பருப்பு மில்லில் எனக்கு இரண்டு வேலை. காலையில் களத்தில் துவரை கிளறுவது, மத்தியானத்துக்கு மேல் மாதிரிப் பருப்பை வேகவைத்துப் பார்த்துச் சீட்டு எழுதுவது. எட்டாவது வரை படித்தவள் என்பதால் இரண்டாவது வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் எங்கள் தெருவில் எட்டாவது என்பது பெரிய படிப்பு. "ஆபீசரம்மா வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கடி" என்று களத்துப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

என் வீட்டுக்காரர் அதே மில்லில் மண் கட்டுகிறவர். துவரையின் தோல் லேசில் விடாது. வடக்கே எண்ணெய் தடவி உடைப்பார்களாம். எங்கள் மில்லில் துவரையைத் தொட்டியில் ஊறப்போட்டு, செம்மண்ணைக் குழைத்து ஒவ்வொரு மணியிலும் படிகிற மாதிரி பிசைந்து, குவித்து, ஈரச்சாக்கைப் போர்த்தி ஒரு ராத்திரி விடுவார்கள். அப்புறம் மூன்று நாலு வெயில். காய்ந்ததும் மண்ணைச் சலித்துவிட்டு மிஷினில் கொடுத்தால் தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிளக்கும். ஊறல் குறைந்தால் தோல் போகாது. ஊறல் மிஞ்சினால் பருப்பு இறுகிப்போய், நாள் முழுக்க அடுப்பில் வைத்தாலும் வேகாது. அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்பார். "ஆச்சு, பிரிங்க" என்பார். பிரிப்பார்கள்.

அதனால் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. பருப்பு வேகவில்லை என்று மூட்டை திரும்பி வந்தால் மண் கட்டினவர்தான் பதில். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. அவர் களத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். இவர் பத்து வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார், ஒரு மூட்டை திரும்பியதில்லை.

துவரை எங்கெங்கிருந்தோ வரும். குல்பர்காவிலிருந்து வேகனில் வரும். சில மாதங்களில் பர்மாவிலிருந்து கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லாரியில் எங்களிடம் வரும். பர்மா துவரை சின்னது, தண்ணீர் குடிக்க நேரம் எடுக்கும். மூட்டையின் மேல் வளைவு வளைவாக அவர்கள் எழுத்து இருக்கும். இவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளி இது எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். உடைத்த பருப்பில் நல்லது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும்கூடப் போகிறது என்று முதலாளி பெருமையடிப்பார். உடைசலான நொய் ஹோட்டல்களுக்குப் போகும், தோலும் தூளுமான பொட்டு மாட்டுக்குப் போகும். "என் கைமண்ணு போற ஊருக்கெல்லாம் நான் போனா ராஜா மாரி இருப்பேன்" என்று இவர் சொல்லிச் சிரிப்பார்.

புதுப்பட்டினத்துப் பக்கம் அப்போது பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே கூலிக்காரர்களுக்குச் சமைக்கிற மெஸ் ஒன்றுக்கு எங்கள் பருப்புதான். ஒருநாள் அங்கே போன சரக்கு மறுநாளே லாரியில் திரும்பி வந்தது. ஒரு மூட்டைதான் பிரித்திருந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கூடவே வந்த மெஸ் மானேஜர் ஒரு தூக்குப் பாத்திரத்தை முதலாளி மேஜைமேல் டம்மென்று வைத்தார். சாம்பார். அடியில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது.

"இத்த நீ துன்னுவியா? தட்ட அப்படியே கவுத்துட்டுப் போறான் ஒவ்வொருத்தனும். என் மானமே போச்சு!"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் வேகவைத்த சீட்டில் 'வேக்காடு சரி' என்று என் கையெழுத்தே இருந்தது. சத்தியமாக வெந்தது. நான் விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் எழுதினேன். மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலாளி யோசித்துவிட்டு, "நீயும் வாம்மா, அங்கயே வெச்சிப் பாத்துடலாம்" என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாக லாரியில் போனோம். மலை வந்ததும் முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போடவில்லை, மடியில் திரும்பி வந்த மூட்டையிலிருந்து அள்ளின பருப்புப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மெஸ் அடுப்பில் ஆழாக்குப் பருப்பை வைத்தேன். பத்து நாளைக்கு முன்னால்தான் தோண்டிய புதுக் கிணற்றுத் தண்ணீர். முந்தின நாளிலிருந்துதான் அதைச் சமையலுக்கு எடுக்கிறார்களாம், அதுவரை தண்ணீர் லாரியில் வந்ததாம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னும் அரை மணி ஆயிற்று. பருப்பு தண்ணீருக்குள் துள்ளிக்கொண்டே இருந்தது. நசுக்கினால் வழுக்கிக்கொண்டு போனது. மானேஜர், "பாத்தியா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் பார்த்தேன், சமையல்காரர் தனக்கு டீ போட மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டார். "இது இன்னா தண்ணி, அண்ணாத்த?" என்றேன். "திருக்குன்றத்துத் தண்ணிம்மா. கெணத்துத் தண்ணில டீ போட்டா வாயில வெக்க முடியல, உப்பு" என்றார். ஒரு சொம்பு வாங்கி, அதே பொட்டலத்திலிருந்து இன்னொரு ஆழாக்குப் பருப்பை அதில் வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! பாத்திரமும் கரண்டியுமாக முதலாளியிடம் ஓடினேன். "தண்ணிங்க! தண்ணிதான்! நம்ம பருப்புல ஒண்ணுமில்ல!"

அவர் கரண்டியைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக் கொல்லைப்புற மணலில் கொட்டிக் காலால் மூடினார். அப்புறம் சமையல்காரரைத் தனியே கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னார். இனிமேல் பருப்பில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடு, யாரிடமும் சொல்லாதே என்றாராம்.

திரும்பும் வழியில் எனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கிணற்றை மானேஜர்தான் முன்னால் நின்று தோண்டினார். தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று மேலதிகாரிகளுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார். "உன் தண்ணி சரியில்லன்னு நான் போய்ச் சொன்னா இன்னா ஆவும்? நாளைக்கே வேற மில்லுக்குப் போயிடுவான். வாங்கறவன் தண்ணி எப்பவும் நல்ல தண்ணிதான். மண்ணு கட்டனவன் தப்பு பண்ணிட்டான், ஆள மாத்திட்டேன்னு சொன்னா மரியாதையா ஒத்துக்குவான்."

"அவரு பத்து வருசமா கட்டறாருங்க."

"ஒரே மாசம். நானே கூப்புட்டுக்கறேன். ஆனா அவன்கிட்ட இத்த மூச்சு வுடக் கூடாது. அவன் கோவக்காரன், நேரா இங்க வந்து அந்த ஆளு சட்டையப் புடிப்பான்." மலை தாண்டியதும், "நீ எழுதாட்டி ரெண்டு பேருக்குமே வேல இல்ல, பாத்துக்கோ" என்றார்.

நான் எழுதினேன். பயம், வேறொன்றும் இல்லை. நல்ல காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை. மில் ஆபீசில் நின்றுகொண்டே எழுதினேன்: 'ஊறல் மிஞ்சிவிட்டது. பருப்பு இறுகி வேகவில்லை.' எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. எழுத்து எப்போதும் போலக் குண்டு குண்டாக வந்தது.

அன்று சாயந்திரம் இவர் அந்தச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. கத்துவார், பாத்திரத்தை வீசுவார் என்று நினைத்து உலையை நகர்த்தி வைத்தேன். அவர் உட்கார்ந்து சீட்டை என்னிடம் நீட்டினார்.

"நீ எழுதனதுதான? நீயே படி."

படித்தேன்.

"நீ வேக வெச்சியா?"

"வெச்சேன்."

"வேவலியா?"

"வேவல."

கிணற்றுத் தண்ணீரில் வேகவில்லைதானே. அந்த அளவுக்கு நான் பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன புத்தி பாருங்கள்.

அவர் கத்தவே இல்லை. சீட்டை வாங்கி மடித்தார். பிறகு மெதுவாக, "சனிக்கெழம தூறல் போட்டுச்சு இல்ல?" என்றார். "சாக்கு எடுக்கறப்ப வெடிஞ்சி நேரமாயிட்ச்சி. நானு டீ குடிச்சிக்கினு நின்னுட்டேன். அப்பவே கையில கொஞ்சம் கொழகொழன்னுதான் பட்டுது. சரி, வெயில்ல போயிடும்னு வுட்டேன்." அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நானும் அன்று களத்தில்தான் இருந்தேன், வெளுக்கும்போதே சாக்கைப் பிரித்துவிட்டார். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அது நடந்த மாதிரியே ஆகிவிட்டது. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. நான் உலையில் அரிசியைப் போட்டேன்.

மறுநாள் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கப் போனார். மில்லில் புதிதாக ஒருவர் மண் கட்ட வந்தார். அவர் கட்டின பருப்பு புதுப்பட்டினத்துக்குப் போனது, சோடாவோடு வெந்தது. மானேஜர் திருப்தி என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்த பழைய மூட்டைகளை முதலாளி காஞ்சிபுரம் பக்கம் தள்ளிவிட்டார். அங்கே ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லவில்லை. புது ஆள் கட்டினது வெந்துவிட்டது என்ற சேதி கூட்ஸ் ஷெட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அன்று இவர் வீட்டுக்கு வந்து, "பாத்தியா, அந்தாளு கை வெச்சா வேவுது" என்றார். வயிற்றெரிச்சல் கூட இல்லை அந்தக் குரலில். எனக்கு அதைக் கேட்டுப் பதறியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதம் முழுவதும் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, அடித்தால் கூட உறைத்திருக்காது. களத்துக்குப் போனேன், கிளறினேன், வேகவைத்தேன், எழுதினேன்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல மாட்டேன். மாதம் முடிந்ததும் ஆள் அனுப்பினார். இவர் போகவில்லை. "வாணாம், கை வுட்டுப் போச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளியே நேரில் வந்தார். இவர் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு, "வெளிநாட்டுக்கெல்லாம் போற சரக்குங்க. இன்னோரு வாட்டி கெடுத்துட்டன்னா உங்க பேரு போயிடும்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சுரணை வந்தது. எக்கேடு கெட்டால் கெடட்டும் என்று மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புதுப்பட்டினம் போய், மெஸ் கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு திரும்பினேன். "தண்ணி இல்லாத ஊரா இது? உப்புத் தண்ணிய எங்கம்மா தூக்கினு போற?" என்று கண்டக்டர் கேட்டார். "ஊறுகா போட" என்று எரிந்து விழுந்தேன். வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டினேன். ஒன்றில் அந்தத் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர். இவரை எதிரே உட்கார வைத்து, இரண்டிலும் ஒரே பருப்பைப் போட்டேன். வேக வேக எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி மணலில் கொட்டினதையும் லாரியில் சொன்னதையும் நான் எழுதினதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் இரண்டு பாத்திரத்தையும் எட்டிப் பார்த்தார். ஒன்றில் கரைந்திருந்தது, ஒன்றில் துள்ளிக்கொண்டிருந்தது. கரண்டியால் கிளறிக்கூடப் பார்த்தார்.

"இது புது ஆளு கட்டன பருப்பு" என்றார். "நான் கெடுத்த மூட்ட இப்ப எங்க கீது? அத்த வெச்சிப் பாத்தாதான தெரியும்."

"நீங்க எதையும் கெடுக்கல. நான் பொய் எழுதனேன். எனக்கு பயம், எழுதிட்டேன். என்ன நாலு அடி வேணும்னாலும் அடிங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு மாதத்தில் அன்றுதான் சிரித்தார். என் தலையில் கையை வைத்தார். மூட்டை தூக்கித் தூக்கி உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

"என் மனசு ஆறட்டும்னு எங்கியோ போயி தண்ணியெல்லாம் தூக்கினு வந்துகிற" என்றார். "போ, போயி சோத்தப் போடு. எனக்கு எதுராவா நீ பொய் எழுதுவ?"