தாய்லாந்தைப் பற்றி நான் சொன்னது

ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஆசிரியை சீட்டுக் குலுக்கினார். எனக்கு விழுந்தது தாய்லாந்து. துள்ளிக்கொண்டு கனடாவில் மோர்னிங்சைட் தெருவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். நான் நடக்கப் பழகியதே பாங்கொக்கில்தான். கனடா எங்களை ஏற்கும்வரை ஐந்து வருடம் அங்கே ஒற்றை அறையில் இருந்தோம்.

அப்பாவின் முகம் இருண்டது.

“புத்தகத்தில இருக்கிறதை மட்டும் சொல்லு. நாங்கள் அங்க இருந்தது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கேட்டால் யாழ்ப்பாணத்தில இருந்து நேர வந்தனாங்கள் எண்டு சொல்லு. விளங்கிச்சோ?”

ஓம் என்றேன். அப்பாவுக்கு அந்த நாடு வெட்கம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நூலகப் புத்தகத்தைப் பார்த்து அட்டையில் யானையும் பொன்னிற விகாரையும் வரைந்தேன். வகுப்பில் ஒப்புவித்தேன். தலைநகர் பாங்கொக். ஐரோப்பியர் ஒருபோதும் பிடித்து ஆளாத நாடு. பெரும்பாலோர் பௌத்தர். கைகூப்பி வணங்குவார்கள். எங்கள் சித்திரை வருடப்பிறப்பு நாட்களிலேயே அவர்களும் தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றிப் புத்தாண்டு கொண்டாடுவார்கள். எப்போதும் புன்னகைக்கும் மக்கள்.

முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். தான் விடுமுறைக்கு அங்கே போனவனாம், அது வெறும் கடற்கரையாம், நான் புத்தகத்தைப் பார்த்து அளக்கிறேனாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையைக் கீழே வைத்தேன். நான் அங்கே வாழ்ந்தவள் என்றேன். அவர்கள் மொழியில் பத்துவரை எண்ணிக் காட்டினேன். யாருடைய தலையையும் தொடக் கூடாது, யார் பக்கமும் பாதத்தை நீட்டக் கூடாது என்றேன். மாலை ஆறு மணிக்கு நாட்டுப்பண் ஒலித்தால் சந்தையில் மீன் வெட்டுகிறவளும் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பாள், பொலிஸ்காரனும் நிற்பான், விசா இல்லாத அம்மாவும் நானும் அவனைப் பார்க்காமல் நிற்போம் என்றேன். எங்கள் அறைக்குக் கீழ்த்தளத்தில் இருந்த பெண் புன்னகைக்கிறவள் அல்ல, எந்நேரமும் ஏசுகிறவள். ஆனால் பொலிஸ் வந்த நாளில் எங்களைத் தன் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் அவள்தான் என்றேன்.

அன்று பின்னேரமே ஆசிரியை வீட்டுத் தொலைபேசியில் அப்பாவை அழைத்து, நான் சொன்னதையெல்லாம் சொல்லிப் பாராட்டினார்.

அப்பா வெடித்தார். நான் அழவில்லை.

“நான் பொய் சொல்லேல்லை. இன்னொருக்காக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவன்.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். “பிள்ளை சொன்னதில என்ன பிழை? நாங்கள் என்ன களவெடுத்தனாங்களே?”

அப்பா என் புத்தகப் பையைத் திறந்தார். பிறகு அட்டையை மேசையில் விரித்து, யானைக்குக் கீழே, தாய்லாந்து எழுத்தில் நாங்கள் இருந்த தெருவின் பெயரை எழுதினார். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி முன்னறைச் சுவரில் ஒட்டினார்.

நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அந்த மாதங்களில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, இன்னும் பாங்கொக்கில், விசா இல்லாதவர்களை அடைத்துவைக்கும் தடுப்பு முகாமில் இருந்தார். கனடா வர அவர் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. எங்கள் வாயிலிருந்து விழும் ஒரு சொல்லால் அது கெட்டுப்போகும் என்று அப்பா நம்பினார். அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டுதான் அவர் அதை ஒட்டினார் என்பது எனக்கு அப்போது தெரியாது.