சாய்ந்து கிடக்கும் இரும்பு

குருவம்மாள் முன்னால் போகிறாள். கயிற்றில் கட்டிய காந்தம் பின்னால் வருகிறது. நாய்க்குட்டியை இழுத்துப் போவதுபோல் புஞ்சை முழுக்க இழுத்துப் போவாள். மழை பெய்த மறுநாள் இந்த நடை கட்டாயம் உண்டு. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மழை வருவதும் மந்திரி வருவதும் ஒன்று என்பதால், வருடத்துக்கு ஏழெட்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரைக்கு வந்து சேரும்போது காந்தத்துக்குக் கறுகறுவென்று மீசை, தாடி எல்லாம் முளைத்திருக்கும். அத்தனையும் இரும்பு மணல்.

வழித்து டப்பாவில் போட்டு மூடுவாள். வீட்டில் அப்படிப் பதினாறு டப்பா. அவள் வீட்டுக்காரர் சங்கையா ஒருநாள் மிளகுத்தூள் என்று நினைத்து ரசத்தில் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறினால் கம்பியை விட்டுக் கை வருவதில்லை என்று ஊரில் பேச்சு.

காந்தம், கொழுந்தன் தங்கபாண்டி கொடுத்தது. கல்யாணம் காட்சிக்கு ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற ஆள். கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொடுத்தவர், இருபது வருடமாகக் கேலிக்கு ஒருநாள்கூட லீவு விட்டதில்லை.

"மதினி, புஞ்சையில தண்டவாளம் எப்ப மொளைக்கும்? ரயில்ல எடம் பிடிக்கணும்."

"அடியில பெருசா கெடக்கு கொழுந்தனாரே. மணலு சும்மாவா வருது?"

குருவம்மாளுக்கு வயது ஐம்பது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே அது எந்தப் புஞ்சைக் கல் என்று சொல்லிவிடுவாள். சங்கையாவின் சட்டை எது, தங்கபாண்டியின் சட்டை எது என்று கேட்டால்தான் திணறுவாள்.

போன மாசியில், பூமிக்கடியில் என்ன பாறை என்று வரைபடம் போடும் குழு ஒன்று துளை மெஷினோடு வந்து இறங்கியது. அதிகாரி சுகப்பிரியா, சின்ன வயசுப் பெண்.

"பயப்படாதீங்கக்கா. வெட்டி எடுத்து விக்கிற அளவுக்கு இங்க இருக்காது. இருந்தா மேப்புல ஒரு கோடு போடுவோம், அவ்வளவுதான்."

அந்த ஒரு கோடுதானே குருவம்மாளுக்கு வேண்டியது!

மேற்கு வரப்பில் காந்தம் ஒட்டும் கறுங்கல் குவியல் ஒன்று உண்டு. அதை ஒட்டி இரண்டு துளை போட்டார்கள். வந்தது வெறும் சாம்பல் நிறக் கல். இங்கே இரும்பு கிடையாது என்று எழுதிவிட்டு, மெஷினை மல்லாங்கிணற்றுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. இருபது வருடப் பேச்சு ஒரே வரியில் பொய்யாகப் போகிறது. பத்து இட்லிக்குக் குறையாத குருவம்மாள் அன்று ஏழோடு எழுந்துவிட்டாள் என்றால் துயரத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்தவள் நேரே போய் லாரிக்கு முன்னால் நின்றாள்.

"ஆபீசரம்மா, எதப் பாத்து இங்க ஓட்ட போட்டீக?"

"இந்தக் கறுங்கல்லப் பாத்துதான்க்கா. பாறை இந்த எடத்துல வெளிய வந்து ஒடஞ்சிருக்குன்னு..."

குருவம்மாள் சிரித்த சிரிப்பில் மூன்று புஞ்சை தாண்டி மைனாக்கள் பறந்தன.

"ஏத்தா, அது நான் பொறுக்கிப் போட்ட கல்லு!"

உழவுக்கு முன்னால் கல் பொறுக்குவது அங்கே வழக்கம். காலை வெயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிவதால், பொறுக்கியது எல்லாம் மேற்கு வரப்புக்குப் போய்ச் சேரும். முப்பது வருடக் குவியல் அது; கல்லுக்குச் சொந்த இடம் கிழக்கே எங்கோ. சுகப்பிரியா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவள் சொன்ன கதைக்குக் குருவம்மாளும் உட்கார்ந்தாள். ஆதியில் இது கடலடி. இரும்பு ஒரு படிவு, வெள்ளைக்கல் ஒரு படிவு என்று தோசை அடுக்கியதுபோல் படிந்தது. ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன் பெரிய பெரிய நிலங்கள் வந்து முட்டிக்கொண்டன. முட்டிய வேகத்தில் அடுக்கு மடிந்து, ஆழத்தில் புதைந்து, வெந்து, காந்தம் இழுக்கும் கல்லாயிற்று.

"கெடா முட்டுன மாதிரியா?"

"அதே மாதிரிதான்க்கா."

"அப்ப சாஞ்சுதான கெடக்கும்? கெழக்க சாஞ்சிருக்கு. இந்தா, தூந்துபோன கெணறு. இத வெட்டுறப்ப நாந்தான் மண்ணு சொமந்தேன். மேக்க இருவது அடியிலயே மண்டைய அமுக்குன கல்லு, கெழக்கு மூலையில முப்பத்தஞ்சுக்குப் போனப்பறந்தான் வந்துச்சு. கண்ணு மறந்துரும். மண்டை மறக்குமா?"

கிணறு முப்பது அடி அகலம். சுகப்பிரியா பேனா தேடுவதற்குள் குருவம்மாள் விரல் மடக்கி முடித்துவிட்டாள்.

"கெழக்கு வெளிம்புல இருந்து அறுவது அடி தள்ளிப் போடுங்க. அறுவத்தஞ்சுல தொடும்."

மூன்றாவது துளை தொடங்கியது. ஊரே வேடிக்கைக்கு நின்றது. ஆடுகள்கூட மேய்ச்சலை விட்டுவிட்டன. அறுபத்தைந்து அடியில் உருவிய கல், சாம்பல். அறுபத்தாறு, சாம்பல்.

"மதினி, இன்னும் நாலடி போட்டா அமெரிக்காவே வந்துரும்," என்றார் தங்கபாண்டி.

"வந்தா ஒங்க ரேடியோ செட்டுக்கு அங்க ஆர்டர் பிடிச்சுத் தாரேன். சும்மா நில்லுங்க."

அறுபத்தெட்டில் மெஷினின் சத்தம் மாறியது. உருவிய கல்லில் சேலைக் கரை மாதிரி கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக ஓடின. குருவம்மாள் காந்தத்தை ஒரு சாண் தூரத்தில்தான் காட்டினாள். டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"எடுங்க கொழுந்தனாரே, ஒங்க காந்தந்தான?"

தங்கபாண்டி ஒரு கையால் இழுத்தார், இரு கையால் இழுத்தார், வேட்டிதான் அவிழ்ந்தது. அதைக் கட்டிய கையோடு வீட்டுக்கு ஓடினார். கால்மணி நேரத்தில் குழாய் ஸ்பீக்கரில் கல்யாண நாதஸ்வரம் திருச்சுழிவரை கேட்டது. சங்கையா பதினாறு டப்பாவையும் கொண்டுவந்து மெஷின்காரர்களிடம் திறந்து திறந்து காட்டினார், எல்லாம் தானே சேர்த்ததுபோல. சுகப்பிரியா மேப்பை விரித்துக் கோடு போட்டாள். கோட்டின் ஓரத்தில் குருவம்மாள் புஞ்சை என்றும் எழுதினாள்.

மறுநாள் காலை குருவம்மாள் வழக்கம்போல் வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கல் பொறுக்கினாள். ஒரு கறுங்கல் கைக்கு வந்தது. தூக்கிப் பார்த்தாள், நல்ல கனம். மேற்கே நாலு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, கல் கிடந்த பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மேல்பக்கம் மேலாகவே அதை வைத்துக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள்.