பத்துத் தோட்டா துரை

இலங்கையின் நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி என் தம்பியின் தொடையைக் கிழித்த பிறகு, ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போனேன்.

"கூலிக்காரன் கையில துப்பாக்கியா? ஒனக்குப் பொறுப்பு இருக்கா?" என்று சிரித்தான்.

மறுநாள் காலை, சீமையிலிருந்து வந்த புதுத் துப்பாக்கியோடு அவனே வந்தான். ஒருமுறை நிரப்பினால் பத்துத் தடவை சுடுமாம். பன்றி எங்கள் மரவள்ளிப் பாத்தியில் அசையாமல் நின்றது. பத்தையும் சுட்டான். பன்றி காட்டுக்குள் ஓடியது. நாங்கள் குடியிருந்த லயத்தருகே கட்டியிருந்த எங்கள் பசு செத்து விழுந்தது.

"காத்துதான் தோட்டாவத் திருப்பிருச்சு" என்றான் அந்தப் பொறுப்புள்ள மனிதன்.

மூன்றாம் நாள் குழி வெட்டி நாங்களே பன்றியைப் பிடித்தோம். துரை வெட்கமில்லாமல் கறி கேட்டுப் பங்களாவிலிருந்து ஆள் அனுப்பினான்.

"தீந்து போச்சுங்க" என்றேன். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.