கதையை மாற்றினால் தோல்வி

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் தங்கிப் பழக்கமில்லை. வவுனியாவில் ஒரு புடைவைக்கடை, பிறகு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலை, பிறகு யார் கூப்பிட்டாலும் அந்த வேலை. போகிற இடமெல்லாம் சனம் வாதாடிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் இரண்டு பேர் வாய் திறந்தால், யார் எங்கே பிழை விடுகிறார் என்று என் காது தானாகத் தேடும். அந்தப் பழக்கம் மாமா தந்தது.

மாமா அம்மாவின் தம்பி. உயர்தர வகுப்பில் அளவையியல், அதாவது தர்க்கம், படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்வு வந்து படிப்பை நடுவில் அறுத்துவிட்டது. பிழையான வாதங்களைப் பற்றிய பகுதியை மட்டும் முடித்திருந்தார் போலும். சரியான வாதம் எப்படியிருக்கும் என்று அவர் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. எப்போது தோற்றுவிட்டோம் என்பதற்கு மட்டும் மூன்று விதிகள் வைத்திருந்தார். எல்லாரும் செய்கிறார்கள் என்று காரணம் சொன்னால் தோல்வி. ஆளைத் திட்டினால் தோல்வி. கேட்டதை விட்டுக் கதையை மாற்றினால் தோல்வி. பிழையை நான் கண்டுபிடித்தால், அது அவருடைய பிழையே ஆனாலும், என் உச்சியில் செல்லமாக ஒரு குட்டு வைத்து, “பிடிச்சிட்டாய்!” என்பார். அந்தக் குட்டுக்காக எதுவும் செய்வேன்.

மாங்குளத்திலிருந்து உள்ளே இருக்கும் எங்கள் காணிக்கு நாங்கள் திரும்பி வந்த முதல் வருடம் அது. தகரக் கொட்டில்தான் வீடு. பின் எல்லையில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு கீறிய பலகை நட்டிருந்தார்கள். அங்கால் பற்றைக்காடு.

அப்பா எங்களோடு இல்லை. யுத்தத்தின் கடைசி ஓட்டத்தில் சனத்துக்குள் தவறிப்போனார். செத்ததைக் கண்டவர் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. அம்மா குங்குமப் பொட்டோடுதான் திரிந்தார்.

சிவலைப் பசுவும் அதே ஓட்டத்தில் கைவிட்டதுதான். செத்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் கொட்டில் போட்ட மாதத்தில், கட்டாக்காலி மாடுகளோடு திரிந்த அது, தொடையில் அப்பா சுட்ட குறியோடு தானாக வந்து கிணற்றடியில் நின்றது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு மாட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

வரும்போதே சிவலை சினையாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் காணாமற்போய், வெயில் தாழும் நேரத்தில் வயிறு ஒட்டி, மடி கனத்து வந்தது. அம்மா அதைப் பிடித்துக் கட்டினார். அது தண்ணீரைக் குடித்துவிட்டுப் பற்றைப் பக்கம் திரும்பிக் கதறியது. கன்று நாடாவுக்கு அங்கால் கிடக்கிறது என்று விளங்கிவிட்டது. கன்றை நரி கொண்டுபோனால் சிவலை பால் விடாது. பால் இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு வருமானமும் இல்லை.

மாமா பற்றை வெட்டுகிற கத்தியை எடுத்தார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“போகாதை தம்பி. பலகை நட்டிருக்கிறாங்களெல்லோ.”

“பலகை எங்கைதான் இல்லை? ஊர்ச்சனம் முழுக்க அதுக்குள்ளை போய் விறகு வெட்டேல்லையோ?”

“எல்லாரும் செய்யினம் எண்டது காரணமில்லை!” என்றேன் நான்.

மாமா சிரித்துவிட்டார். குட்டு விழுந்தது. “பிடிச்சிட்டாய்! சரி, அதை விடுவம். சிவலை அதுக்குள்ளை போய் வந்ததெல்லோ அக்கா? அதின்ரை பாரத்துக்கு வெடிக்காதது எனக்கோ வெடிக்கப்போகுது?”

“மாடு மிதிக்காத இடத்தை நீ மிதிச்சால்?”

“நீ ஒரு பயந்தாங்கொள்ளி. சின்னனிலை இருந்தே அப்பிடித்தான்.”

“ஆளைத் திட்டினால் தோல்வி!”

இரண்டாவது குட்டு கொஞ்சம் வலித்தது. சிவலை மறுபடியும் கதறியது. மாமா இப்போது சிரிக்கவில்லை.

“நாங்கள் வந்து இவ்வளவு நாளாச்சு. அதுக்குள்ளை ஒரு மிதிவெடியை ஆராவது கண்ணாலை கண்டவையோ? சொல்லு.”

“காணேல்லை.”

“ஒருத்தரும் காணாத ஒண்டை இருக்கு எண்டு எப்பிடிச் சொல்லுவாய்? இவ்வளவு நாளும் காணேல்லை எண்டால் இல்லை எண்டுதானே அர்த்தம்?”

நான் மூன்று விதிகளையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. எங்கேயோ இடறியது, எங்கே என்று பிடிபடவில்லை. அம்மாவுக்கும் பிடிபடவில்லை என்றே நினைத்தேன். அவர் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப பிள்ளையின்ரை அப்பாவும் இல்லையோ?”

கன்று எங்கே, அப்பா எங்கே! நான் துள்ளினேன்.

“அம்மா கதையை மாத்திறா! கதையை மாத்தினால் தோல்வி!”

குட்டுக்காகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். குட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மாமா கத்தியைக் கூரையில் செருகிக்கொண்டிருந்தார். “நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா” என்றார். அவர் சொன்னதை நான் இரண்டு காதாலும் கேட்டிருந்தேன். அம்மா போய்ச் சிவலையின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது நாடாவைத் தாண்டித் தன்பாட்டில் பற்றைக்குள் போனது. வென்றுகொண்டிருந்தவர் ஏன் போகவில்லை, தோற்றவரை யாரும் ஏன் கேலி செய்யவில்லை என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காலையில் சிவலை வந்தது. பின்னால், நாடாவுக்குக் கீழே குனிந்து, கால் பின்னப் பின்னக் கன்று வந்தது. நான் மாமாவிடம் ஓடினேன்.

“மாமா, அங்கை ஒண்டுமில்லை! நீங்கள்தான் வெண்டது!”

“தெரியாது பிள்ளை” என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அம்மா பால் கறந்துகொண்டிருந்தார். நெற்றியில் பொட்டைப் புதிதாக வைத்திருந்தார். பக்கத்தில் குந்திக்கொண்டு, நேற்று வென்றது யார் என்று அவரிடமும் கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா சுட்ட குறி இருந்த சிவலையின் தொடையில் தலையைச் சாய்த்தபடி, “போய் முகத்தைக் கழுவு” என்றார்.

அதுவும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அம்மா இரண்டாவது தடவையும் தோற்றுவிட்டார் என்று எண்ணிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.