என் ஆள் வரும் பாட்டு

அரங்கின் விளக்குகள் எல்லாம் அணைந்துவிடும். எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம் இழுத்து இழுத்து வரும். அதற்குப் பிறகுதான் கிடார், புகை, கடைசியாக அவன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காத்திருந்ததில்லை. சீட்டி தொடங்கிய நொடியிலேயே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும். "ஏய், சீட்டிக்காரன் வந்துட்டான்டி. உன் ஆளு!" அவளோ டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் எனக்கும் தம்பிக்கும் ரெஸ்லிங் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுஒளிபரப்பு. பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் பிளாக்கில் இல்லை. கேட்காதவள் அம்மா ஒருத்திதான். அவளுக்கு அந்த வீரர்களில் ஒருவனுடைய முகமும் தெரியாது. எல்லோரையும் அவர்கள் நுழையும்போது போடுகிற பாட்டை வைத்தே தெரியும். தம்பியின் ஆளுக்குத் திமுதிமுவென்று முரசு அடிக்கும், அவன் தவில்காரன். ஒப்பாரி போலத் தொடங்குகிற பாட்டோடு வருகிறவன் எழவு வூட்டான். ஒருநாள் என் நோட்டில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து யாரென்று கேட்டாள். உன் சீட்டிக்காரன்தான் என்றேன். அவளுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "இவ்ளோ நல்ல பாட்டுக்கு இந்த மூஞ்சா?" என்றாள். சண்டை முன்பே பேசிவைத்த நாடகம் என்று வகுப்பில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். இருக்கட்டுமே. அந்தச் சீட்டி கேட்டதும் என் கையில் முடி சிலிர்த்தது நாடகமில்லை.

அப்பாவுக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அவர் பகலில் தூங்கும்போது வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். டிவி சத்தம் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறக்கூடாது. பேச்செல்லாம் கைஜாடைதான். சாப்பிட வா என்பதற்கு ஒன்று, தண்ணீர் மோட்டாரை நிறுத்து என்பதற்கு ஒன்று. தம்பி என்னைத் திட்டுவதற்கே நாலைந்து ஜாடை வைத்திருந்தான். ஷிஃப்ட்காரர் வீடுகளில் இது புதிதில்லை. அவ்வளவு சன்னமாக வைத்த சத்தத்தையும் அடுப்படியில் நின்றபடி அம்மா பிடித்துவிடுகிறாள் என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டி அடித்தது. சமையலறையிலிருந்து குரல் வரவில்லை. கிடார் வந்தது, புகை வந்தது, அவனும் வந்து கயிற்றைத் தாண்டி உள்ளே குதித்தான். கொஞ்ச நேரத்தில் முரசு அடித்தது. "தம்பி, தவில்காரன்டா!" என்றாள், பழைய உற்சாகத்தோடு. அடுத்த வாரமும் இப்படியே. அதற்கடுத்த வாரமும். ஆண் பிள்ளை என்றால் ஒரு பங்கு கூட என்று எனக்குள் எரிந்தது. நேரே சமையலறை வாசலில் போய் நின்று, "அவன் ஆளுன்னா மட்டும் ஒனக்குக் காது நல்லா கேக்குது இல்ல?" என்றேன். அம்மா திரும்பினாள். "எண்ணெ சத்தத்துல கேக்கலடி" என்றாள். அன்றைக்கு அடுப்பில் எண்ணெய் வைத்தே இருக்கவில்லை. அதையும் சொல்லிக்காட்டிவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவளே பூண்டு முறத்தோடு ஹாலுக்கு வந்தாள். டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, எங்களைப் பார்க்க உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். மறைக்காதேம்மா என்று தம்பி கத்தினான். சீட்டி அடித்தது. "உன் ஆளு!" என்றாள், தலையை எங்கள் பக்கமிருந்து திருப்பாமலேயே. அதன் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. நான் போட்ட சண்டைக்குப் பலன் கிடைத்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். அப்பா வேலைக்குப் போய் வீட்டில் யாரும் தூங்காத நேரத்திலும் அம்மா ஜாடையிலேயே பேசத் தொடங்கியிருந்தாள். பழக்கதோஷம் என்று அதையும் விட்டுவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்த பிறகு போனில் கூப்பிட்டால் இரண்டே வார்த்தை பேசுவாள். "இரு, அப்பாகிட்ட தரேன்." அதற்கும் நான் கோபித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவின் ஊரான காடாம்புலியூரில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். போன வருஷம் தம்பி அவளைப் பிடிவாதமாகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். அன்று மாலை என்னைக் கூப்பிட்டான். "ரொம்ப வருஷமாவே காது போய்க்கினு இருந்திருக்காம்க்கா. மெல்லிசு சத்தந்தான் மொதல்ல போவுமாம். கனமான சத்தம் கடைசி வரைக்கும் கேக்குமாம்." போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சீட்டி மெல்லிசு, முரசு கனம். வாசலில் நின்று நான் கேட்ட கேள்வி எனக்கே திரும்பக் கேட்டது. இத்தனை வயதில் அன்றைக்கு அழுத மாதிரி நான் அழுததில்லை.

பலாப்பழ சீசனில் ஊருக்குப் போனேன். அம்மாவின் காதில் புது மிஷின். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். நெய்வேலியில் இருந்தபோது அவள் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். "காது கேக்காத டீச்சரம்மாவ நம்பி யாருடி புள்ளைய அனுப்புவாங்க? அடுத்த நாளே வூட்ல ஒக்கார வச்சிருப்பாங்க. அந்தப் பசங்கள உட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். குழந்தைகளின் வாயசைவைப் பார்த்தே அத்தனை வருஷமும் பாடம் நடத்தியிருக்கிறாள். பாட்டுச் சொல்லித் தருவதை மட்டும் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் தள்ளிவிடுவாளாம்.

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, போனில் தேடி அந்தப் பாட்டை எடுத்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து போட்டேன். சீட்டி தொடங்கியது. அம்மா நிமிர்ந்தாள்.

"சீட்டிக்காரன். உன் ஆளு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சீட்டி கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"எங்க கேட்டுது? மிஷினு கரகரங்குது" என்றாள். கையிலிருந்த பலாச்சுளையைக் கொட்டை நீக்கி என்னிடம் நீட்டினாள். "உன் மூஞ்சியப் பாத்து சொன்னேன். அப்பவும் அப்பிடித்தான சொல்லிக்கினு இருந்தேன். நான் என்னைக்குடி டிவிய பாத்தேன்?"