நூறு சதவீத மின்சாரமும் ஏகாம்பரத்தின் எர்த் ராடும்

1. ஐந்தாம் நாள்

புயல் கரையைக் கடந்த ஐந்தாம் நாள் காலை, செங்கல்பட்டிலிருந்து என் மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"நூறு சதவீதம் சப்ளை குடுத்தாச்சுன்னு மேல ரிப்போர்ட் போயிடுச்சு. உங்க செக்‌ஷன்தான் பாக்கி. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுங்க."

அப்போது நான் சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட மின்வாரியக் கடற்கரைப் பிரிவின் உதவிப் பொறியாளர். அவர் பேசிய நேரத்தில் எங்கள் கம்பங்களில் சில மணலில் படுத்துக் கிடந்தன. கொடுக்காத மின்சாரத்தைக் கொடுத்துவிட்டதாக எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பொய்யை மாலைக்குள் உண்மையாக்கும் வேலை மட்டும் கம்பம் நட்டு கம்பி இழுக்கும் எங்கள் கேங்கின் தலையில் விழுந்தது.

மூன்று மணிக்குள் கம்பங்களை நிமிர்த்திவிட்டோம். ஒரே ஒரு கம்பத்தில் அறுந்த கம்பிகளை இணைப்பதுதான் மிச்சம். கடற்கரையோரப் பங்களாக்களைத் தாண்டி, மீனவர் குப்பத்தின் குடிநீர் மோட்டாருக்கு மின்சாரம் போவது அந்த லைனில்தான். குப்பத்துப் பெண்கள் குடங்களோடு எங்களைச் சூழ்ந்து நின்றார்கள்.

"இன்னா சார், கம்பத்த பாத்துகினே நிக்கிறீங்க? அதுல கரெண்டு காய்க்குமா?" என்றாள் ஒருத்தி.

2. ஏற மறுத்தவர்

கம்பத்தில் ஏற வேண்டியவர் ஏகாம்பரம். அனுபவம் மிக்க ஒயர்மேன்; அதிகம் பேசாதவர். லைனில் மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதியை, லைன் கிளியரை, முறைப்படி எடுத்திருந்தோம். டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சைத் திறந்து பூட்டி, சாவியை நானே வைத்திருந்தேன். அதன் பிறகும் ஒரு விதி உண்டு. தரையில் புதைத்த குழாயோடு எர்த் ராடின் ஒயரைப் பிணைத்து, அந்த நீண்ட கழியின் கொக்கியை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டிப் பார்த்த பிறகே ஏற வேண்டும். கம்பியில் எங்கிருந்தாவது மின்சாரம் வந்திருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். கடற்கரை மணலில் குழாய் நிற்காது. ஈரம் தட்டும்வரை தோண்ட வேண்டும். அதற்கே அரை மணி நேரம் பிடிக்கும்.

என் கைப்பேசி மீண்டும் மீண்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "ஏகாம்பரம், சாவி என் பையில இருக்கு. ராட் வேண்டாம், ஏறுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாவி உங்க பையில கீது சார். உசுரு என் ஒடம்புலல்ல கீது? ராடு போடாம ஏற மாட்டேன். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

"அப்டி சொல்லு அண்ணாத்த! அவசரம்னா சாரே ஏறட்டும்!" என்று ஒரு பெண் கூவ, கூட்டம் சிரித்தது.

அதுவரை என் பணிக்காலத்தில் பொதுமக்கள் முன்னிலையில் யாரும் என் உத்தரவை மறுத்ததில்லை. கோபத்தில் என் முகம் சிவந்தது. ஏகாம்பரம் அதைப் பொருட்படுத்தாமல் மண்வெட்டியை எடுத்தார்.

குழாயைப் புதைத்து, ராடைத் தூக்கினார். முதல் கம்பியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைத் தொட்டதும் வெடிச் சத்தத்தோடு நீலத் தீ பாய்ந்தது. அதுவரை கடலின் இரைச்சல் என்று நாங்கள் நினைத்திருந்த ஓசையில் ஒரு பகுதி சட்டென்று நின்றது. அது பக்கத்துப் பங்களாவின் மதிலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்.

மற்ற பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. இதில் மட்டும் சென்னையிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஜெனரேட்டர் ஒயரை ஏ.சி. பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகியிருந்தார்கள். வீட்டின் மெயின் சுவிட்ச் ஆனில் இருந்தது. அதன் வழியாக அவர்களுடைய மின்சாரம் எங்கள் லைனுக்கு வந்திருக்கிறது.

"மெயினை ஏன் ஆஃப் பண்ணல?" என்று பங்களாவின் மேலாளரைக் கேட்டேன்.

"ஆஃப் பண்ணா, உங்க கரெண்டு எப்ப வருதுன்னு எங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

கம்பத்திலேயே அந்தப் பங்களாவின் சர்வீஸ் ஒயரைத் துண்டிக்கச் சொன்னேன்.

"ஓனர் யாருன்னு தெரியுமா சார்?" என்று மேலாளர் குரலை உயர்த்தினார்.

"தெரியாது. இந்தக் கம்பத்துல ஏற இருந்தவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஏகாம்பரம் மீண்டும் மூன்று கம்பிகளிலும் ராடை மாட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். இருட்டுவதற்குச் சற்று முன்னால் குப்பத்தின் மோட்டார் ஓடியது.

3. விளக்கம் கேட்டார்கள்

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. குறித்த நேரத்துக்குள் சப்ளை கொடுக்காதது ஏன்? முக்கியப் பிரமுகரின் இணைப்பைத் துண்டித்தது ஏன்? ஒரு மனிதர் மயிரிழையில் உயிர் தப்பியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மேலதிகாரி என்னை நேரில் அழைத்துத் தணிந்த குரலில் பேசினார். "ஒயர்மேன் சொன்னபடி கேக்காம வேலைய இழுத்தடிச்சான்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ரிட்டயர் ஆகப் போற நேரம், உங்க சர்வீஸ் புக்குல ஒரு கறை இல்ல. எதுக்கு வம்பு?"

சொன்னபடி கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆகவே அதையே எழுதினேன்:

"விதிக்குப் புறம்பாக, எர்த் ராட் போடாமல் ஏறும்படி நான் உத்தரவிட்டேன். ஒயர்மேன் ஏகாம்பரம் அந்த உத்தரவை மீறினார். தாமதத்துக்கு அதுவே காரணம். அவர் மீறாதிருந்தால் சப்ளை முன்னதாகச் சென்றிருக்கும். அவருடைய உடலும் வீடு சென்றிருக்கும். நடவடிக்கை எடுப்பதாயின் என் மீது எடுக்கவும்."

எடுத்தார்கள். கண்டனம் என் பணிப்பதிவேட்டில் ஏறியது. மேல்முறையீடு செய்யுமாறு நண்பர்கள் வற்புறுத்தினார்கள். நான் செய்யவில்லை. பங்களாவுக்கு மூன்றே நாளில் இணைப்பு திரும்பக் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

இன்று கம்பம் ஏறும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. நேரமில்லை என்று எந்த அதிகாரி சொன்னாலும், ராட் போடாமல் ஏறாதீர்கள். ஏறச் சொல்பவர் கெட்டவராகத்தான் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் பிரிவில் நான் நல்ல அதிகாரி என்றுதான் பெயர் எடுத்திருந்தேன்.